கடற்கரைக்கு ஆவணியில் விதை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு தோட்டம் போடச் சொல்லி அறிக்கை வருகிறது, பின்னாலேயே விதைப் பொட்டலமும் வருகிறது. 2025 ஜூலையில் தொடங்கிய தமிழக அரசின் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று ஆறு வகை விதைகளை ஒன்றாகக் கொடுக்கிறார்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் ஜூலை என்றால் ஆனியும் ஆடியும். ஆறும் கால்வாயும் உள்ள ஊர்களுக்கு ஆடிப்பட்டம் சரி. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் எங்கள் கரையில் அந்த மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும். கிணற்றுத் தண்ணீர் வருடத்திலேயே அதிகமாகக் கரிக்கும் காலமும் அதுதான். அப்போது ஊன்றிய விதை முளைத்தாலும் பத்துப் பதினைந்து நாளில் இலை ஓரம் கருகிப் போகும். "எங்க மண்ணுல ஒண்ணும் வராது" என்று வீட்டுக்காரர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். பழி மண்மேல் விழுகிறது. தவறு நடந்தது பட்டத்திலும் தண்ணீரிலும்.

இம்மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. கண்மாய் ஆயக்கட்டில் நெல் புழுதி விதைப்பும் முண்டு மிளகாய் நாற்றும் புரட்டாசியை ஒட்டித்தான் நடக்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மழையை நம்பியே வளர்கிற பயிர். வயலுக்கு இருக்கும் அந்தக் கணக்கு வீட்டுக் கொல்லைக்கு மட்டும் எப்படி மாறும்? இந்தக் கடற்கரை ஒன்றியங்களுக்கு விதை ஆவணிக் கடைசியில் கைக்கு வர வேண்டும். இதுதான் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை தண்ணீர்ச் சோதனை. விதை கொடுக்கும் நாளிலேயே வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வரச் சொல்லி, தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துச் சொல்லலாம். பேனா அளவுள்ள அந்தக் கருவி சில நூறு ரூபாய்தான். அளவு 500-க்குள் இருந்தால் எந்தக் காய்கறியும் வரும். 500 முதல் 1000 வரை என்றால் வெங்காயம், முள்ளங்கி, பீன்ஸ், கேரட் திணறும், மற்றவை கவனித்துப் பார்த்தால் காய்க்கும். 1000-க்கு மேல் 2000 வரை என்றால் பயிரைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் அந்தத் தண்ணீரை முருங்கைக்கும் தென்னைக்கும் விட்டுவிட்டு, காய்கறிக்கு மழைத் தண்ணீரை மட்டும் நம்புவது நல்லது. ஒரே கிணறு கார்த்திகையில் ஓர் அளவும் வைகாசியில் வேறு அளவும் காட்டும், ஆகவே இரண்டு பருவத்திலும் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

கடலோரக் கிணறு ஏன் கரிக்கிறது என்பதையும் விதையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் நல்லது. மழையில் ஊறிய நல்ல தண்ணீர் எடை குறைந்தது. அது மணலுக்குள் உப்புத் தண்ணீரின்மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வர இடம் கிடைக்கிறது. தண்ணீர் குறைந்துவிட்டது என்று போரை இன்னும் இரண்டு குழாய் கீழே இறக்குகிறவர் தன் கொல்லையோடு பக்கத்து வீட்டுக் கொல்லையையும் சேர்த்துக் கெடுக்கிறார். கடலோர மணலில் ஆழம் குறைந்த உறைக்கிணறுதான் சரி. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறைக்க வேண்டும். ஒரே மூச்சில் மோட்டாரை ஓடவிடக் கூடாது.

பயிர் வரிசைக்கு வருகிறேன். உப்புக்குக் கூசும் பயிரை மழை மாதத்திலும், உப்பைத் தாங்கும் பயிரை வெயில் மாதத்திலும் வைப்பதுதான் இந்தக் கரைத் தோட்டத்தின் அடிப்படை. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றைப் புரட்டாசி முதல் வாரத்தில் தட்டில் போட்டால், ஐப்பசி மழை பிடித்த பிறகு 25 முதல் 30 நாள் நாற்றாக எடுத்து நடலாம். விதை முளைக்கும் நாளும் அடுத்த மூன்று வாரமும்தான் செடியின் வாழ்நாளிலேயே உப்புக்கு மிகவும் பயந்த நாட்கள். அந்த நாட்களில் ஒரு நாற்றுத் தட்டுக்கு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டே அந்தத் தட்டு முழுவதையும் நடவு வரை கொண்டுவந்துவிடலாம். இவ்வளவு சிறிய செலவில் தப்பக்கூடிய நாற்றுகளை உவர் தண்ணீர் தெளித்துச் சாகவிடுகிறோமே என்பதுதான் வருத்தம்.

சின்ன வெங்காயம், முள்ளங்கி, கொத்தமல்லி, அவரை எல்லாம் ஐப்பசியில் ஊன்றித் தைக்குள் முடித்துவிட வேண்டியவை. தை பிறந்த பிறகு பாத்தியைக் கொத்தவரைக்கும் தட்டைப்பயறுக்கும் பருப்புக்கீரைக்கும் மாற்றுங்கள். காய்கறிகளில் உப்பைத் தாங்குவதில் கொத்தவரையை மிஞ்ச அதிகம் இல்லை. கிணறு கரிக்கத் தொடங்கும் பங்குனியிலும் அது காய்க்கும். ஆறு விதையையும் ஒரே நாளில் கொடுத்து ஒரே பாத்தியில் ஊன்றச் சொல்லும்போது, தையில் ஊன்ற வேண்டிய கொத்தவரை ஆனிக் காற்றில் வீணாகிறது. பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து, ஆவணியில் ஒன்று, மார்கழியில் ஒன்று என்று கொடுத்தால் அரசுக்குக் கூடுதல் விதைச் செலவு கிடையாது. வெண்டையை இந்தக் கரைக்கு விட்டுவிட்டு அந்த இடத்தில் தட்டைப்பயறு வைக்கலாம் என்பது என் எண்ணம். உவர் தண்ணீரில் வெண்டைக்காய் சிறுத்து, பறிக்கும்போதே நாராகிப் போகிறது.

ஆனி, ஆடியில் பாத்தி சும்மா கிடக்கட்டும். பனை ஓலையைப் பரப்பி மூடி வையுங்கள். மேல் மண் காற்றில் பறக்காது, ஈரம் ஏறிக் காய்ந்து உப்புப் பூக்கிறதும் குறையும். அந்த நேரத்தில் தென்மேற்குப் பக்கம் கிடுகோ பனை ஓலைத் தட்டியோ ஐந்து அடி உயரத்துக்குக் கட்டுவது, எரு மக்க வைப்பது, கூரையைக் கூட்டிக் குழாய் பொருத்துவது என்று செய்ய வேலை நிறைய உண்டு. தட்டியை இடைவெளி இல்லாமல் அடைக்கக் கூடாது. காற்று கொஞ்சம் ஊடுருவிப் போக வேண்டும். முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறி உட்பக்கம் சுழன்று விழுந்து செடியை முறிக்கும்.

கூரை நீர் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகம் முழுக்கக் கட்டாயமானது. இன்றைக்குப் பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரில் நிற்கிறது, அடியில் குழி தூர்ந்துவிட்டது. இங்கே குழிக்குள் விடுவதோடு ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்து வைப்பதும் அவசியம். 10 அடிக்கு 15 அடிக் கூரை என்றால் சுமார் 14 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கு 350 லிட்டர் விழும், சிந்தியது சிதறியது போக 280 லிட்டர் தொட்டிக்கு வரும். 4 அடிக்கு 10 அடிப் பாத்தி ஒன்றுக்கு நாளைக்கு ஒரு குடம்தான் தேவை. ஆக ஒரு நல்ல மழையில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டலாம். 

உள்நாட்டில் இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. கச்சான் அடித்த மாதங்களில் கூரை முழுக்க உப்புத்தூள் படிந்திருக்கும். முதல் மழையைத் தொட்டியில் விட்டால் தொட்டியே கரிக்கும். அதற்கு வழி எளிது. கூரையிலிருந்து வரும் குழாயில் தொட்டிக்குத் திரும்பும் இடத்துக்கு முன்பே 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, நாலங்குலப் பிவிசி குழாய் இரண்டு மீட்டரைச் செங்குத்தாகக் கீழே இறக்கி அடியில் மூடியிடுங்கள். நாலங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும். முதலில் வரும் 16 லிட்டர் அழுக்கும் உப்புமாக அதில் நிறைந்து நின்றுவிடும், பின்னால் வருவது தெளிவாகத் தொட்டிக்குப் போகும். மூடியில் சின்னத் துளை போட்டால் நின்ற தண்ணீர் மெல்ல வடிந்து அடுத்த மழைக்குக் குழாய் காலியாக இருக்கும். தொட்டி வாயைக் கொசு வலையால் இறுகக் கட்ட வேண்டும். டெங்குக் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்.

பாத்தி அமைப்பிலும் இரண்டு விதம். மணல் பூமியில் மேட்டுப்பாத்தி போட்டால் ஈரம் நிற்காது. ஒன்றரை அடி தோண்டி, அடியில் பழைய தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன்மேல் கண்மாய் வண்டல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தோண்டிய மணல் இரண்டு பங்கு கலந்து நிரப்பித் தரை மட்டத்துக்கு நாலு விரல் தாழ்வாக விடுங்கள். களிப்பான பூமியில் இதற்கு நேர்மாறு. பாத்தியை உயர்த்தி, சதுர மீட்டருக்கு 100 கிராம் ஜிப்சம் தூவிக் கொத்திவிட்டு ஐப்பசி மழையில் ஊறவிட வேண்டும். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து களியைப் பிடித்திருக்கும் சோடியத்தை வெளியே தள்ளும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். வரப்புப் பாத்தி என்றால் செடியை வரப்பு உச்சியில் நடாமல் சரிவில் நடுங்கள். ஈரம் மேலேறும்போது உப்பும் கூடவே ஏறி உச்சியில்தான் படியும்.

தினமும் மேலாகத் தெளிக்கிற பழக்கமும் கெடுதி. தெளித்த தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு வேருக்குப் பக்கத்திலேயே தங்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை, வேர் ஆழம் தாண்டிக் கீழே இறங்கும்படி நிறைய விடுவது மேல். தொட்டிச் செடி என்றால் அடித் துளை வழியாகத் தண்ணீர் ஒழுகும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். உவர் தண்ணீரை இலைமேல் தெளிக்கவே கூடாது, அதுவும் வெயில் நேரத்தில்.

மாடித் தோட்டத்துக்குக் கொடுக்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் கவனம் வேண்டும். அதில் முன்பே உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மூன்று முறை அப்படிச் செய்த பிறகே பையில் நிரப்ப வேண்டும். செயல்முறைத் தாளில் இந்த வரி பெரிய எழுத்தில் வர வேண்டும்.

நாளிதழ்களின் வீட்டுக்குறிப்புப் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். "ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள்" என்று அடிக்கடி போடுகிறீர்கள். உள்ளே போகும் தண்ணீர் நல்லதாக உள்ள ஊருக்கு அது பொருந்தும். இங்கே 1500 அளவுள்ள தண்ணீர் உள்ளே போனால், கழிவாக வருவது 2000-ஐத் தாண்டும். அதை ஊற்றினால் பத்து நாளில் தக்காளி சுருண்டுவிடும். அதைக் கழிவறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளலாம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் அப்படித்தான், முழுக்கச் சோடியம். அரிசி களைந்த தண்ணீர் நல்லது. மீன் கழுவிய தண்ணீரும் நல்லதுதான், ஆனால் கல் உப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு முன் கழுவிய முதல் தண்ணீராக இருக்க வேண்டும்.

மீன் கழிவில் செய்யும் மீன் அமிலம் இந்தக் கரைக்கே வாய்த்த உரம். குடல், தலை, செதில் ஒரு கிலோவை நன்றாக அலசி, பொடித்த வெல்லமோ கருப்பட்டியோ ஒரு கிலோ சேர்த்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் பங்கு நிரப்பி நிழலில் வைத்தால், மூன்று முதல் ஐந்து வாரத்தில் தேன் பதத்துக்கு வரும். முற்றிய பழ வாசனை அடித்தால் சரி. அழுகல் வாடை அடித்தால் வெல்லம் குறைந்திருக்கிறது, இன்னும் கால் கிலோ சேர்த்து மூட வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம், கலக்குவது மழைத் தண்ணீராக இருக்கட்டும். கருவாட்டுக் கழிவைப் போடவே வேண்டாம், அத்தனையும் உப்பு. ஆட்டுப் புழுக்கையை அப்படியே பாத்தியில் கொட்டுவதும் கூடாது. ஆடு தின்ற சீமைக்கருவேல நெற்றின் விதை சாகாமல் அதில் கிடந்து, மழை பெய்ததும் பாத்தி முழுக்க முளைக்கும். குவித்து ஈரம் தெளித்து மக்கவைத்து, முளைத்ததைப் பிடுங்கிவிட்டுப் பிறகு போடுங்கள்.

இலை ஓரம் கருகினால் சத்துக் குறை என்று எண்ணி யூரியாவும் பொட்டாஷும் போடுகிறவர்கள் உண்டு. அவையும் மண்ணில் உப்பைப் போலவே வேலை செய்யும், கருகல் கூடும். தக்காளிப் பழத்தின் அடி கறுத்துக் குழிந்தால் பூச்சி மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். உப்பு மிகுந்த மண்ணில் வேர் சுண்ணாம்புச் சத்தை எடுக்க முடியாமல் வருவது அது. ஒரு நாள் காயப்போட்டு ஒரு நாள் வெள்ளமாக விடாமல் ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

இனி அடுப்படி. விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும் அந்த நாட்களும் கொல்லை காய்ந்து கிடக்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. மீனும் இல்லை, காயும் வெளியூர் லாரியில் வர வேண்டும் என்ற நிலையில் வீட்டுச் செலவு எப்படித் தாங்கும்? தடைக்கால நிவாரணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுப்படியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மாசி, பங்குனியில் காய் மலிந்து கிடக்கும்போதே வத்தல் போட்டு வைப்பது இந்தக் கரையின் பழைய வழக்கம், அது குறைந்து வருகிறது. கொத்தவரை ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 40 கிராம் கல் உப்பு. தண்ணீர் கொதித்த பிறகு காயைப் போட்டு மூன்று நிமிடத்தில் வடித்து, அரை லிட்டர் புளித்த மோரில் இரவு முழுக்க ஊறவிட்டு, மூன்று நான்கு நாள் சுள்ளென்ற வெயிலில் காயவைக்க வேண்டும். ஒடித்தால் சத்தம் வர வேண்டும். சூரியன் இறங்கும் முன்பே தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். கடல் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்து வத்தல் பதத்துப் போகும், இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும். உப்பளத்திலிருந்து வந்த புது உப்பு இன்னும் அதிகமாக ஈரம் இழுக்கும். ஆகவே கசிந்து வடிந்த பழைய உப்பாகப் பார்த்துப் போட வேண்டும். கத்தரி வத்தலும் இதேபோல்தான், மோர் மட்டும் வேண்டாம். கருவாட்டுக் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான காய் எனக்குத் தெரிந்து கிடையாது.

கழிமுகத்தில் தானே முளைக்கும் உமரிக்கீரையையும் மறக்க வேண்டாம். இளந்தளிரைக் கிள்ளி, கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய்ப்பூ போட்டுத் துவட்ட வேண்டும். உப்புப் போடவே கூடாது. பருப்பு வேகவில்லை என்று ஆப்ப சோடா போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம், சோடா போட்டால் பருப்பின் உயிர்ச்சத்து போய்விடும். காரைக் கூரையில் பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்து வேகவையுங்கள், குழைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இந்த மாவட்டத்துப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தெருத் தெருவாகத் தண்ணீர் தள்ளி வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் பல கடலோரத் தெருக்களில் அந்த வண்டி நிற்கவில்லை. அப்படிக் கொண்டுவந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்வதில் நியாயம் இல்லை. எனவே விதை மானியத்தில் ஒரு பகுதியை மடைமாற்றி, கடலோர ஊராட்சிகளில் வீட்டுக்கு ஒரு 500 லிட்டர் தொட்டியும் மேலே சொன்ன குழாய்ச் சாமானும் கொடுக்கலாம். கண்மாய் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. ஊராட்சியே டிராக்டர் வைத்து அதைத் தெருவுக்கு ஒரு நடை கொண்டுவந்து கொட்டினால், வீட்டுக்கு நாலு கூடை எடுத்துக்கொள்வார்கள். தோட்டக்கலைத் துறையும் ஊராட்சிகளும் இந்த ஆவணிக்குள் இதை முடிவு செய்தால் ஐப்பசி மழைக்குத் தொட்டிகள் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.